காலை 6 மணிக்கு நிரப்பப்படும் சார்ட்

கேள்வி: "அரசு மருத்துவமனை ஒன்றில் பொது மருத்துவ வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். 3 வருட அனுபவம். இப்போது வார்டின் தரக் குழுவில் என்னைச் சேர்த்திருக்கிறார்கள். இதுவரை நான் பார்த்த தர வேலை எல்லாம் ரெஜிஸ்டர் எழுதுவதும், ஆய்வுக்கு ஆள் வரும் வாரத்தில் போஸ்டர் ஒட்டுவதும்தான். இரவில் 36 நோயாளிகளுக்கு நாங்கள் 2 பேர். இந்த நிலைமையில் தரத்தை உயர்த்துவது என்றால் உண்மையில் என்ன செய்வது? எங்கே தொடங்குவது?"

நான் 28 வருடம் வார்டில் வேலை பார்த்தவள். கடைசிச் சில வருடங்கள் நர்சிங் சூப்பரிண்டெண்டாக இருந்து, உங்களைப் போன்ற பல பெண்களோடு தரக் குழுவில் உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் கேள்விக்குப் பதில் சொல்ல, நான் செய்த ஒரு தவறிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம். ஆண்கள் மருத்துவ வார்டில் பக்கவாதம் வந்த ஒரு பெரியவர் படுத்திருந்தார். 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், அதற்கு ஒரு சார்ட் உண்டு. அன்று இரவு விஷம் குடித்த ஒருவரும், மூச்சுத் திணறலோடு இரண்டு பேரும் வந்தார்கள். பெரியவர் பக்கம் நான் போனது ஒரே ஒரு முறை. காலையில் அடுத்த ஷிஃப்டுக்கு ஹேண்டோவர் கொடுப்பதற்கு முன்னால் சார்ட்டை எடுத்து 10 மணி இடது, 12 மணி நேர், 2 மணி வலது என்று 6 மணி வரைக்கும் ஒரே மூச்சில் எழுதி முடித்தேன். எல்லாரும் அப்படித்தான் எழுதினார்கள். பொய் எழுதுகிறோம் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை.

நாலாம் நாள் காலை அவருடைய மகள் என்னைக் கூப்பிட்டார். "சிஸ்டர், அப்பாவுக்கு முதுகுக்குக் கீழே தோல் உரிஞ்சிருக்கு, கொஞ்சம் பாருங்க." பார்த்தேன். கையகலத்துக்குப் புண். சூப்பரிண்டெண்ட் அம்மா வந்து சார்ட்டை எடுத்துப் பார்த்தார். நாலு நாளும், ஒவ்வொரு 2 மணி நேரமும், ஒரு கட்டம்கூடக் காலியாக இல்லை. எங்கே தவறு நடந்தது என்று கண்டுபிடிக்க அந்தக் காகிதத்தில் வழியே இல்லை. இரவில் 2 பேரால் இந்த வேலையைச் செய்ய முடியவில்லை என்று மேலே சொல்லவும் வழியில்லை, ஏனென்றால் செய்துவிட்டதாகத்தான் நாங்களே எழுதிக் கொடுத்திருந்தோம். ஆள் பற்றாக்குறையைக் காட்டும் ஒரே சாட்சியை எங்கள் கையாலேயே அழித்திருந்தோம்.

எனவே என்னைக் கேட்டால், தர மேம்பாடு தொடங்கும் இடம் உண்மையான எண்ணிக்கை. காலியாக இருக்க வேண்டிய கட்டத்தைக் காலியாக விடுவது. அப்படி விட்டதற்காக யாரையும் திட்டாத ஒரு வார்டை உருவாக்குவது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு வருபவை.

தரம் என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். பெய்ரூட்டில் பிறந்து அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அவெடிஸ் டோனபெடியன் என்ற மருத்துவர் 1966இல் எழுதிய ஒரு கட்டுரை இன்றைக்கும் எனக்கு உதவுகிறது. மருத்துவச் சேவையை மூன்று இடங்களில் நின்று பார்க்கலாம் என்றார் அவர். என்ன இருக்கிறது: கட்டில், மெத்தை, ஆள், மருந்து, தண்ணீர். என்ன செய்கிறோம்: கை கழுவினோமா, திருப்பிப் படுக்க வைத்தோமா, சரியான நேரத்தில் ஊசி போட்டோமா. நோயாளிக்கு என்ன ஆயிற்று: புண் வந்ததா, காய்ச்சல் வந்ததா, நடந்து வீட்டுக்குப் போனாரா. நீங்கள் பார்த்து அலுத்துப்போன தர வேலை பெரும்பாலும் முதல் இரண்டிலேயே நின்றுவிடுகிறது. காயகல்ப், லக்‌ஷ்யா, தேசியத் தர உறுதித் தரநிலைகள் போன்ற அரசுத் தரத் திட்டங்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. பிரசவ அறையில் திரைச்சீலையும், வார்டு வாசலில் கை கழுவத் தண்ணீரும், குப்பைக்கு நாலு நிறத்தில் தனித்தனி வழியும் வர அவை காரணமாக இருந்ததை என் கண்ணால் பார்த்தேன். ஆனால் மூன்றாவதைப் பார்க்காமல் முதல் இரண்டையும் மட்டும் டிக் செய்துகொண்டிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு பெரிய பாடம் உண்டு.

உத்தரப் பிரதேசத்தில் 120 மருத்துவ நிலையங்களில், உலக சுகாதார நிறுவனத்தின் பாதுகாப்பான பிரசவத்துக்கான சரிபார்ப்புப் பட்டியலை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. முடிவுகள் 2017இல் வெளிவந்தன. பட்டியலோடு பயிற்சியும், கூடவே நின்று வழிகாட்ட ஆட்களும் கொடுத்தார்கள். பிரசவம் பார்ப்பவர்கள் செய்ய வேண்டியதைச் செய்வது நன்றாகவே கூடியது. 2 மாதம் ஆனபோது பட்டியல் வந்த இடங்களில் தேவையான செயல்களில் சுமார் 73 விழுக்காடு நடந்தது, வராத இடங்களில் 42 விழுக்காடு. ஆனால் தாய், சேய் இறப்பில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் வரவில்லை. பட்டியல் வீண் என்று இதற்கு அர்த்தமில்லை. செய்முறை முன்னேறினாலும் முடிவு தானாக முன்னேறிவிடாது, இரண்டையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும் என்று நான் இதிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

எண்ணுவது செவிலியருக்குப் புதிய வேலையும் இல்லை. நைட்டிங்கேல் அம்மையார் என்றால் நமக்கு விளக்குதான் நினைவுக்கு வருகிறது. கிரிமியப் போரின்போது அவர் வேலை பார்த்த, துருக்கியில் இருந்த ஸ்கூட்டாரி ராணுவ மருத்துவமனையில், 1855 பிப்ரவரியில் சேர்க்கப்பட்டவர்களில் 100க்கு 40க்கும் மேல் இறந்துகொண்டிருந்தார்கள். மார்ச்சில் சுகாதாரக் குழு வந்து, கட்டடத்துக்கு அடியில் அடைத்துக் கிடந்த சாக்கடையைச் சுத்தம் செய்து, காற்று வர வழி செய்த பிறகு இறப்பு வேகமாகக் குறைந்தது. ஊர் திரும்பிய பின், புள்ளியியல் அறிஞர் வில்லியம் ஃபார் துணையோடு அவர் அந்தக் கணக்குகளை உட்கார்ந்து ஆராய்ந்தார். காயத்தால் செத்தவர்களைவிடத் தடுத்திருக்கக்கூடிய நோயால் செத்தவர்கள் மிக அதிகம் என்று 1858இல் வட்ட வரைபடமாகப் போட்டுக் காட்டினார். ராணுவத்தின் சுகாதார ஏற்பாடு மாற அந்தக் கணக்கு காரணமாக இருந்தது. முதலாம் ஆண்டு மாணவிகளுக்கு விளக்கோடு சேர்த்து அந்த வரைபடத்தையும் காட்ட வேண்டும் என்று நான் பல இடங்களில் சொல்லிவருகிறேன்.

சரி, உங்கள் வார்டுக்கு வருவோம். ஒரே ஒரு விஷயத்தை எடுங்கள். பொது மருத்துவ வார்டு என்பதால் படுக்கைப் புண்ணை எடுக்கச் சொல்வேன். செவிலியர் கையில் பெரும்பகுதி இருக்கிற விஷயம் அது. மருத்துவரின் ஆர்டருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, பெரிய செலவும் இல்லை, வந்தால் நோயாளிக்கு வேதனையோ சொல்லி மாளாது.

முதல் நாள் காலையில், குளிப்பாட்டும் நேரத்தில், வார்டில் இருக்கிற அத்தனை பேரின் தோலையும் பாருங்கள். முதுகின் அடிப்பகுதி, இரண்டு குதிகால், இடுப்பின் பக்கவாட்டு, பின்தலை, காது மடல். மூக்குக்குழாய் உரசும் இடத்தையும் ஆக்சிஜன் மாஸ்க்கின் நாடா அழுத்தும் இடத்தையும் விட்டுவிடாதீர்கள். எங்களுக்குப் பாடத்தில் சொல்லிக்கொடுத்தது, தோல் சிவந்திருக்கும், விரலால் அழுத்தினால் வெளுக்காது, அதுதான் முதல் நிலை என்று. கருப்பும் மாநிறமுமான நம் தோலில் அந்தச் சிவப்பு சுலபமாகத் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கருத்தோ ஊதா பாய்ந்தோ தெரியும், சில சமயம் எதுவுமே தெரியாது. கண்ணை நம்பாமல் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். பக்கத்துத் தோலைவிடச் சூடாகவோ சில்லென்றோ இருக்கிறதா, கட்டியாகவோ தொளதொளவென்றோ இருக்கிறதா, தொட்டால் வலிக்கிறது என்கிறாரா? தொட்டுப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் எங்கள் வார்டில் முதல் நிலையிலேயே கண்டுபிடிக்க முடிந்தது. அதற்கு முன்பு, தோல் உரிந்த பிறகுதான் எங்கள் கண்ணுக்குப் பட்டது.

வரும்போதே இருந்த புண்ணையும் வார்டில் வந்த புண்ணையும் பிரித்து எழுதுங்கள். அட்மிஷன் நேரத்தில் பார்த்து கேஸ் ஷீட்டில் எழுதினால்தான் இது முடியும். அப்புறம் மாதக் கணக்கு. ஒவ்வொரு நாளும் வார்டில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதைக் கூட்டிக்கொள்ளுங்கள். தினமும் 36 பேர், 30 நாள் என்றால் 1,080 நோயாளி நாட்கள். அந்த மாதம் புதிதாக 4 பேருக்குப் புண் வந்திருந்தால், 4ஐ 1,080ஆல் வகுத்து 1,000ஆல் பெருக்க வேண்டும். 3.7 வரும். மாதா மாதம் ஒப்பிட வேண்டியது இந்த எண்ணைத்தான். கூட்டம் அதிகமான மாதத்தையும் குறைவான மாதத்தையும் வெறும் தலை எண்ணிக்கையால் ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம்.

36 பேரையும் 2 மணிக்கொருமுறை திருப்ப வேண்டியதில்லை. யாருக்கு ஆபத்து என்று பிரிக்க பிரேடன் அளவுகோல் இருக்கிறது. உணர்வு, ஈரம், நடமாட்டம், உடலை அசைக்கும் திறன், உணவு, உராய்வு என்று ஆறு விஷயங்கள். ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டினால் மொத்தம் 6 முதல் 23 வரை வரும், 18 அல்லது அதற்குக் கீழே வந்தால் ஆபத்தில் இருக்கிறார். ஒரு ஆளுக்கு 2 நிமிடம்கூட ஆகாது. உங்களைப் போன்ற வார்டில் 7, 8 பேர் தேறுவார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவரைத் திருப்பித் தலையணை வைத்து விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிட, இரண்டு ஆள் சேர்ந்து 4 நிமிடம். 8 பேருக்கு 32 நிமிடம். இரவு 10, 12, 2, 4, 6 என்று ஐந்து சுற்று போனால் 2 மணி 40 நிமிடம், அதுவும் இரண்டு பேருமே. அந்த நேரத்தில் வார்டில் வேறு யாருமில்லை. இந்தக் கணக்கை ஒரு காகிதத்தில் எழுதிப் பாருங்கள். "ஆள் போதவில்லை" என்று வாயால் சொல்வதற்கும் இதை எடுத்து வைப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

ஆள் விஷயத்தில் நான் மழுப்ப மாட்டேன். இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுப்படி, கற்பிக்கும் மருத்துவமனையின் பொது வார்டில் 3 படுக்கைக்கு ஒரு செவிலியர், அதாவது ஒரு ஷிஃப்டில் சுமார் 9 பேருக்கு ஒருவர். உங்கள் இரவில் 18 பேருக்கு ஒருவர். செவிலியர் பணியை ஆராயும் அமெரிக்கப் பேராசிரியர் லிண்டா ஐக்கன் குழுவினர் 9 ஐரோப்பிய நாடுகளில் செய்து 2014இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினாலே, அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு கூடியது. ஆளைக் கொடுக்காமல் செவிலியரின் மனப்பான்மையைத் திருத்தினால் தரம் வந்துவிடும் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அதே சமயம், ஆள் வரும்வரை ஒன்றும் செய்ய முடியாது என்பதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பெரியவரின் முதுகு அதுவரை காத்திருக்காது.

எங்கள் வார்டில் என்ன செய்தோம் என்று சொல்கிறேன். சார்ட் நர்ஸ் ஸ்டேஷனில் ஃபைலுக்குள் இருந்தது. அதைக் கட்டிலின் கால்மாட்டில் தொங்கவிட்டோம். திருப்பிய கையோடு எழுத வேண்டும், விட்டுப்போனால் காலியாக விட வேண்டும், பக்கத்தில் ஏன் என்று ஒரு சொல் எழுத வேண்டும்: "எமர்ஜென்சி", "ஆள் இல்லை", "வலி, மறுத்தார்". இரண்டு வாரத்தில் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. பகலில் பிரச்சினையே இல்லை. இரவு 12இலிருந்து 4 வரைதான் கட்டங்கள் காலி. அந்த நேரத்தில் ஆயாம்மா எங்கே இருக்கிறார் என்று பார்த்தால், லேபுக்கும் மருந்தகத்துக்கும் ஓடிக்கொண்டிருந்தார். அவசரமில்லாத சாம்பிள்களை 12 மணிக்கு முன்பே சேர்த்து அனுப்பினோம். 2 மணிச் சுற்றுக்கு அவர் எங்களோடு வந்தார். இதற்கு யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை.

அடுத்தது அட்டெண்டர்கள். நம் மருத்துவமனைகளில் நோயாளி பக்கத்தில் மனைவியோ மகளோ மருமகளோ எப்போதும் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கு அன்பு இருக்கிறது, பயமும் இருக்கிறது. அசைத்தால் வலிக்கும், ட்ரிப்ஸ் கழன்றுவிடும், நரம்பு பிசகிவிடும் என்று நினைத்து அசையாமல் பார்த்துக்கொள்வதைத்தான் நல்ல கவனிப்பு என்று நம்புகிறார்கள். ஒருமுறை பக்கத்தில் நிறுத்தி, முழுக்கப் புரட்ட வேண்டாம், முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்து 30 டிகிரி சாய்த்தால் போதும் என்று காட்டிக்கொடுங்கள். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகால் படுக்கையில் படாமல் தூக்கிவிடச் சொல்லுங்கள். சிவந்த இடத்தைத் தேய்த்துவிடக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நல்லெண்ணத்தோடு எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்ப்பவர்கள் பலர் உண்டு, அடியில் ஏற்கெனவே நசுங்கிய திசு அதனால் இன்னும் கெடும். காற்றடைத்த ரப்பர் வளையமும் வேண்டாம், அது சுற்றிலும் அழுத்தி நடுவில் ரத்த ஓட்டத்தைக் குறைக்கிறது. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். கற்றுக்கொடுப்பது துணைக்காக. பொறுப்பு நம்முடையதுதான். புண் வந்த பிறகு "நீங்க சரியா பார்த்துக்கலை" என்று மகளைக் குற்றம் சொல்வதைக் கேட்டிருக்கிறேன், மனசு பதறும்.

மெத்தை மேல் விரிக்கிற ரெக்சின் ஷீட்டையும் கவனியுங்கள். மெத்தையைக் காப்பாற்றுகிறது, ஆனால் நம் ஊர் வெயிலில் வியர்வையும் சிறுநீரும் தோலோடு ஒட்டி நின்று ஊறவைக்கிறது. தேவையுள்ளவர்களுக்கு மட்டும், அதன் மேல் உலர்ந்த பருத்தி விரிப்போடு. இன்னொன்று, 2 மணி நேரம் என்பதும் கல்லில் எழுதிய விதி இல்லை. அமெரிக்க, கனடிய முதியோர் இல்லங்களில் நடந்து 2013இல் வெளியான ஒரு ஆய்வில், அடர்த்தியான நல்ல ஃபோம் மெத்தையில் படுத்தவர்களுக்கு 2, 3, 4 மணிக்கொருமுறை என்று எப்படித் திருப்பினாலும் பெரிய வித்தியாசம் வரவில்லை. நல்ல மெத்தை வாங்குவது செவிலியரின் இரவு நேரத்தை மிச்சப்படுத்துகிறது என்று நிர்வாகத்திடம் வாதாட இது ஒரு நல்ல ஆதாரம். நசுங்கிப்போன பழைய மெத்தையை வைத்துக்கொண்டு நாமாகவே 4 மணி நேரம் என்று நீட்டிக்க அல்ல.

படுக்கைப் புண்ணில் இந்தப் பழக்கம் பிடிபட்டால் மற்றவை எளிது. மருந்துத் தவறை எடுத்துக்கொள்ளுங்கள். பொட்டாசியம் குளோரைடு ஆம்ப்யூலும் வெறும் தண்ணீர் ஆம்ப்யூலும் ஒரே அளவு, ஒரே மாதிரி பிளாஸ்டிக். ஒரு இரவு, எங்கள் வார்டுப் பெண் ஒருத்தி ஊசி மருந்தைக் கரைக்கப் பொட்டாசியத்தை எடுத்துவிட்டு, உடைக்கும் நேரத்தில் லேபிளைப் பார்த்து நிறுத்தினாள். நீர்க்காமல் நரம்பில் போயிருந்தால் இதயம் நின்றிருக்கும். அவள் அழுதுகொண்டே வந்து என்னிடம் சொன்னாள். "கவனமா இருக்கக் கூடாதா?" என்று நான் அப்போது கேட்டிருந்தால், அடுத்த முறை யாரும் வந்து சொல்லியிருக்க மாட்டார்கள், இரண்டும் ஒரே ட்ரேயில் தொடர்ந்து இருந்திருக்கும். அன்று காலையே பொட்டாசியம் தனிப் பெட்டிக்குப் போனது, பூட்டோடு. நடக்காமல் தப்பிய தவறைச் சொல்ல வருகிற பெண்ணுக்கு உட்கார நாற்காலியும் குடிக்கத் தண்ணீரும் கொடுங்கள், உங்கள் குழுவுக்குக் கிடைக்கும் மிக உயர்ந்த தகவல் அவள் கையில் இருக்கிறது.

இரவில் மருத்துவரைக் கூப்பிடுவதும் அப்படித்தான். "சார், பேஷண்ட் ஒரு மாதிரி இருக்காங்க" என்றால் மறுமுனையில் "பாத்துக்குங்க சிஸ்டர்" என்றுதான் வரும். நிலைமை, பின்னணி, நான் என்ன நினைக்கிறேன், எனக்கு என்ன வேண்டும் என்ற வரிசையில் சொல்லப் பழகுங்கள். "சார், 14ஆவது பெட், மூச்சு நிமிடத்துக்கு 32, ஆக்சிஜன் 86. நிமோனியாவுக்குச் சேர்த்து இரண்டாவது நாள், மாலையில் 94 இருந்தது. நிலைமை மோசமாகிறது என்று நினைக்கிறேன். ஆக்சிஜனைக் கூட்டியிருக்கிறேன், நீங்கள் இப்போதே வந்து பார்க்க வேண்டும்." கடைசி வாக்கியத்தைச் சொல்லத்தான் நமக்குத் தயக்கம். மிச்சிகனில் 2004 வாக்கில் 100க்கும் மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், பெரிய ரத்தக்குழாயில் போடும் குழாய் வழியாக வரும் தொற்றைக் குறைத்தபோது செய்தவற்றில் முக்கியமான ஒன்று, சுத்த விதிகளை மீறினால் மருத்துவரை நிறுத்தும் அதிகாரத்தைச் செவிலியருக்குக் கொடுத்தது. 3 மாதத்தில் பாதிக்கும் மேற்பட்ட பிரிவுகளில் அந்தத் தொற்றே இல்லை என்ற நிலை வந்தது. நம் ஊரில் அந்த அதிகாரம் எழுத்தில் வர நாளாகலாம். தரக் குழுவில் ஒரு மருத்துவரையும் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள், பாதி தூரம் அதிலேயே கடந்துவிடலாம்.

ஆக, இந்த வாரம் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: ஒரு காலை எல்லாருடைய தோலையும் பாருங்கள், ஆபத்தில் இருப்பவர்களைப் பிரியுங்கள், சார்ட்டைக் கட்டிலில் தொங்கவிடுங்கள். ஒரு மாற்றத்தை ஒரு இரவுக்கு, நாலு கட்டிலில் மட்டும் செய்து பாருங்கள். சரிப்பட்டால் எட்டுக் கட்டிலுக்குக் கொண்டுபோங்கள், சரிப்படாவிட்டால் விட்டுவிட்டு வேறொன்றை முயலுங்கள்.

தொடங்குவதற்கு முன்னால் சூப்பரிண்டெண்ட் அம்மாவையும் ஆர்.எம்.ஓ.வையும் (உறைவிட மருத்துவ அலுவலர்) பார்த்து ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். முதல் மாதம் புண்களின் எண்ணிக்கை கூடும். போன மாதம்வரை ரெஜிஸ்டரில் பூஜ்யம் இருந்திருக்கும், இப்போது நாலோ ஐந்தோ வரும். வார்டு கெட்டுப்போனதால் அல்ல, இப்போதுதான் பார்க்கத் தொடங்கியிருக்கிறோம் என்று அவர்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். அந்த மாதக் கூட்டத்தில் உங்கள் வார்டுப் பெண்களை யாரும் எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்கமாட்டோம் என்று அவர்களிடம் ஒரு வார்த்தை வாங்கிக்கொண்டு வாருங்கள். அது கிடைத்த பிறகு சார்ட்டைத் தொங்கவிடுங்கள்.